மாடி அறைக்காரரின் பல்லி என் பொறுப்பில் இருப்பது குறித்து

"உங்களுக்குப் பல்லின்னா பயமா டீச்சர்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்கப்பட்டது. இன்று நான் இந்தக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் கேள்விதான் தொடக்கம். என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி வாங்கப்பட்டுவிட்டன. வயது அறுபத்து மூன்று. திருமணமாகவில்லை. பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கிறேன். மாடியில் உள்ள ஒற்றை அறையை வாடகைக்கு விட்டிருந்தேன். பிறருடைய பிராணியைத் தர மறுத்து வைத்துக்கொண்டு வதைத்ததாக என் மீது வந்திருக்கும் புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது பற்றி யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

மாடி அறையில் குடியிருந்தவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் கிடைக்கும் வரை அறையில் இருப்பார். கப்பல் பழக்கத்தால் விடியும் முன்பே எழுந்து சமைக்கத் தொடங்கிவிடுவார். பாத்திரம் உருட்டும் சத்தம் என் படுக்கையறைக் கூரை வழியாகக் கேட்கும். அது தொந்தரவாக இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

அவர் ஒரு பல்லி வளர்த்தார். சுவரில் ஓடும் பல்லி அல்ல. கடைக்காரர்கள் சிறுத்தைப் பல்லி என்று சொல்லும் வகை. உள்ளங்கையில் அடங்கும் அளவு, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால், மூடித் திறக்கும் இமைகள். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மாமியார். "எதையும் வாயத் திறந்து கேக்காது, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும், சாப்பாடு சரியில்லன்னா மூஞ்சியத் திருப்பிக்கும்" என்பது அவர் சொன்ன காரணம். இந்த இடத்தில் தட்டச்சு செய்யும் காவலர் நிறுத்தி, திருமணமாகவில்லை என்று மேலே இருக்கிறதே, இது யாருடைய மாமியார் என்று கேட்டதால், இனி பல்லி என்றே சொல்கிறேன்.

கடைசியாகக் கப்பல் ஏறிய அன்று காலை அவர் என் கதவைத் தட்டினார். கையில் காய்கறி வடிகட்டும் கூடை, அதன் மேல் ஒரு தட்டு, உள்ளே பல்லி. அப்போதுதான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார். "பயமில்ல, பழக்கமில்ல" என்றேன். "அப்ப பழகிக்குங்க. நான் வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிக் கூடையை என் கையில் கொடுத்தார். "நான் வந்து வாங்கிக்கறேன்" என்ற வார்த்தைகளை அவர் சொன்னபடியே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நான் தினமும் மாடிக்குப் போய், அங்கே இருந்த கண்ணாடித் தொட்டியைத் துடைத்துப் பல்லியை அதில் வைத்துப் பார்த்து வந்தேன். அதன் பிறகு ஒரு நாள், அவருடைய தம்பி என்று சொல்லிக்கொண்டு, டாக்சி ஓட்டுபவரான இந்தப் புகார்தாரர் வந்தார். தன் பிள்ளைகள் மீன் வளர்க்க ஆசைப்படுவதாகச் சொல்லி, அந்தத் தொட்டியையும் அதன் அடியில் இருந்த மின்சாரச் சூட்டுப் பட்டையையும் விளக்கையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டார். பல்லியை எங்கே வைப்பது என்று கேட்டேன். "பல்லிய எங்க வைப்பாங்க டீச்சரம்மா? சுவத்துல விடுங்க, அதுபாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டியைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்ததால், பல்லி அப்போது என் சமையலறையில் மறுபடியும் அதே வடிகட்டும் கூடைக்குள் இருந்தது.

அதன் பிறகு பிராணிகள் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் புதிய தொட்டியும், பாறை போலவே செய்த குகையும், அதற்கென்றே உள்ள தண்ணீர்க் கிண்ணமும், பாலைவன மணல் மூட்டையும் எடுத்து வைத்தார். என் ஓய்வூதியத்துக்கு அது கட்டுப்படியாகாது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று யோசித்தேன். சூட்டில் கஞ்சத்தனம் செய்தால் பல்லி வெந்துவிடும் அல்லது விறைத்துவிடும். எனவே சூட்டுப் பட்டையையும், அது எல்லை மீறாமல் நிறுத்தும் கருவியையும், இரையில் தூவும் சுண்ணாம்புச் சத்துப் பொடியையும் மட்டும் விலைக்கு வாங்கினேன். "குகை வேணாமா டீச்சர்? பாறை மாதிரியே இருக்குது பாருங்க" என்றார் கடைக்காரர். "அதுக்குப் பாறை பாத்த ஞாபகம் இருக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்றவை வீட்டிலேயே இருந்தன. கம்பளி வைத்திருந்த மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்து, திருப்புளியை அடுப்பில் காய்ச்சிப் பக்கவாட்டில் காற்றுத் துளைகள் போட்டு, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பிசிறுகளைத் தேய்த்தேன். தரைக்குச் சமையலறையில் கை துடைக்கும் காகிதம். மணலைவிட அதுவே மேல். இரையோடு சேர்த்து மணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். குகைக்கு உடைந்த பூந்தொட்டியின் பாதி, தண்ணீருக்கு ஜாம் பாட்டில் மூடி, குளியலறை கட்டியபோது மிஞ்சிய ஓடு ஒன்று சூட்டுப் பட்டைக்கு நேர் மேலே. சூட்டுப் பட்டையைப் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டுமே வைத்தேன். மறுபாதி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உதாரணமாக, வெயில் விழும் ஜன்னலும் நிழலான மூலையும் உள்ள அறையில் பூனை தானாகவே இடம் மாற்றிக்கொள்கிறது அல்லவா? பூனை சுகத்துக்காகச் செய்வதைப் பல்லி உயிருக்காகச் செய்கிறது. அதன் உடம்புக்குள் அடுப்பு கிடையாது.

இந்த இடத்தில் அதிகாரி, "அம்மா, பாடம் வேணாம், நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றார். "இது புரியலைன்னா நடந்தது புரியாது சார்" என்று சொன்னேன். தொடரலாம் என்று கையைக் காட்டினார். ஜாம் மூடியைக் கிண்ணம் என்று போடவா மூடி என்றே போடவா என்று காவலர் கேட்டார். மூடி என்றே போடும்படி சொன்னேன்.

பல்லி தோல் உரிக்கும்போது ஒதுங்க ஈரமான ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் விரல் நுனிகளில் பழைய தோல் இறுகி விரலே போய்விடும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரத் துணியை வைத்தேன். டப்பா எங்கிருந்து வந்தது என்று கேட்கப்பட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது சமையல்காரர் அதில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. சமைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அதில் என்ன சமைத்துப் போட்டுக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. எனவே அது என்னிடமே தங்கிவிட்டது.

கப்பல் துறைமுகத்தைத் தொடும்போதெல்லாம் அவர் கைபேசியில் செய்தி அனுப்புவார். "மாமியார் சாப்ட்டாங்களா?" என்றுதான் கேட்பார். நான் பல்லியின் படத்தை அனுப்புவேன். என் பதில்களில் பல்லியைத் தவிர வேறு எந்த விஷயமும் இல்லை என்பதை அதிகாரி என் கைபேசியைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். எழுதி அனுப்பாமல் அழித்தவை இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதவை. கப்பல் வேலையின் ஒப்பந்தக் காலம் முடிந்தும் அவர் வரவில்லை. மாடி அறையை வேறு யாருக்கும் விடாதது ஏன் என்று கேட்கப்பட்டது. சுவரில் பூச்சு வேலை பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். பூச்சு வேலை பாக்கி இருப்பது உண்மை.

இன்று காலை புகார்தாரர் மறுபடி வந்தார். இந்த மாதிரிப் பல்லியை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருப்பதாக யாரோ சொன்னதாகவும், அண்ணன் சொத்து தம்பிக்குத்தான் என்றும் சொன்னார். அண்ணன் கையில்தான் கொடுப்பேன் என்று சொன்னேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டியைத் திறந்தார். பல்லி அப்போது உடம்பு முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. தோல் உரிக்கும் முன் அது அப்படித்தான் ஆகும். பழைய தோல் உடம்பைவிட்டுப் பிரிந்து, சுவரில் உரியக் காத்திருக்கும் சுண்ணாம்பு மாதிரி நிற்கும். "ஐயோ, வேக வச்சுட்டீங்களே!" என்று கத்திக்கொண்டு அவர் அதன் வாலைப் பிடித்துத் தூக்கினார். உடை மாற்றுகிறவரை அறைக்குள் புகுந்து பிடித்து இழுப்பது போன்ற காரியம் அது. வால் அவர் கையோடு வந்துவிட்டது. பல்லி பூந்தொட்டிக்கு அடியில் ஓடிவிட்டது. கையில் இருந்த வால் துள்ளியது. அவர் அதை உதறிவிட்டு என் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டார். "தம்பி, அது கடிக்காது, வெறும் வாலுதான், இறங்குங்க" என்று நான் சொன்ன பிறகே இறங்கினார். அதன் பிறகு வாலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

நான் பெட்டியோடு அழைத்து வரப்பட்டேன். புகார்தாரர் காகிதத்தைப் பிரித்து, "பாருங்க சார், இன்னும் துடிக்குது" என்றார். அது அசையவில்லை. நடந்ததை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பல்லி டப்பாவுக்குள் ஒதுங்கி, மூக்கை ஈரத் துணியில் தேய்த்துத் தோலை உரிக்கத் தொடங்கியது. அதிகாரியும் காவலரும் குனிந்து பார்த்தார்கள். உரித்த தோலை அதுவே தின்றது. வெள்ளைக்கு அடியிலிருந்து மஞ்சளும் புள்ளிகளும் புதிதாக வந்தன. "இது நோயில்லன்னு போட்டுக்கய்யா" என்று அதிகாரி காவலரிடம் சொன்னார். வால் திரும்ப வளருமா என்று என்னைக் கேட்டார். வளரும், ஆனால் பழைய வால் மாதிரி இருக்காது, மொட்டையாக, புள்ளிகள் மாறி இருக்கும் என்று சொன்னேன். விட்டுச்சென்றவர் வந்து பார்க்கும்போது அதை அவரிடம் நான் விளக்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகு அதிகாரி சமையல்காரரைக் கைபேசியில் அழைத்தார். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றதால் அவர் கிடைத்தார். கைபேசி என்னிடம் தரப்படவில்லை. மேசை மேல் வைத்துப் பேசியதால் குரல் எனக்குக் கேட்டது. பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தமும் கேட்டது. தொட்டியைத் தம்பி எடுத்துப்போனது தனக்குத் தெரியாது என்றார். தம்பியைத் திட்டினார், அந்த வார்த்தைகளை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் சொன்னது: "சார், நான் இன்னொரு பயணத்துக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன். அது டீச்சருதாவே இருக்கட்டும். அவங்க என்னைவிட நல்லாப் பாத்துக்குவாங்க."

அதிகாரி கைபேசியை வைத்துவிட்டு, "அப்புறம் என்னம்மா? அவரே குடுத்துட்டாரு. 'இது என்னுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இதோட முடிஞ்சுது. நீங்களும் வீட்டுக்குப் போலாம், நானும் போலாம்" என்றார்.

நான் தண்ணீர் கேட்டேன். காவலர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்த பிறகு, "இது என்னுது இல்ல சார்" என்று சொன்னேன்.

அப்படிச் சொன்னால் வரக்கூடிய விளைவுகளை அதிகாரி எனக்கு விளக்கினார். பல்லி இன்னமும் சமையல்காரருடையது என்றால் விவகாரம் முடிக்கப்படாது. கூப்பிடும்போதெல்லாம் நான் பெட்டியோடு வர வேண்டும். ரத்த உறவு என்ற முறையில் தம்பி மறுபடி மனு கொடுக்கலாம். பல்லி என் கையைவிட்டே போகவும் கூடும். எல்லாம் புரிந்தது என்று சொன்னேன். "புரிஞ்சா ஏம்மா?" என்று கேட்டார். ஒரு பொருள் நம்முடையதாகிவிட்டால் அதைக் கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருந்தவள் நான். இதற்கு எதுவும் கிடைக்கவில்லை. "அவர் வந்து வாங்கிக்கறேன்னு சொன்னாரு சார், மேல எழுதியிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

புகார்தாரர் வாசலிலிருந்து, "அண்ணன் எங்க டீச்சரம்மா வரப் போறான்? அவனுக்குக் கடலுதான் வீடு" என்றார். அதிகாரி அவரைப் போய்த் தொட்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். அதில் இப்போது மீன் இருப்பதாக அவர் சொன்னதால், தொட்டி வேண்டாம், பெட்டியே போதும் என்று நான் சொல்லிவிட்டேன்.

பல்லியை அதன் சொந்தக்காரர் நேரில் வரும் வரை என் பொறுப்பில் வைத்திருக்கவும், கேட்கும்போது கொண்டுவந்து காட்டவும் சம்மதிக்கிறேன். இந்த விவகாரம் முடிக்கப்படாமல் திறந்தே இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் சொன்னதை நான் சொன்ன வரிசையிலேயே காவலர் தட்டச்சு செய்து, எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். தாளை வாங்கிப் பார்த்து இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் உள்ளது முழுவதும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை

என் வேண்டுகோளின் பேரில் சேர்க்கப்பட்டது: இந்தத் தாளைப் பிற்பாடு படிக்கிறவர் யாராக இருந்தாலும், முடிவு எழுதும் முன் பெட்டியின் குளிர்ந்த ஓரத்தில் புறங்கையை வைத்து, வெதுவெதுப்புத் தட்டும் இடம் வரை மெதுவாக நகர்த்திப் பார்க்கவும்.