பாட்டெடுக்கிறவள்

— இல்லீங்க பாஸ்டரய்யா, நான் வரலீங்க. நீங்க எத்தனை தடவை எங்கூட்டு வாசல்ல வந்து நின்னாலும், இனி அந்தச் சபையில என் வாய் தொறக்காதுங்க.

— ரெபேக்கா, கதவைச் சாத்தாதம்மா. நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளு.

— தறிக்குப் போற நேரமுங்க. கரண்டு வந்துபோட்டா மொதலாளி ஆளனுப்பிப் போடுவாருங்க.

— ஒரு பாட்டுதாம்மா. இன்னைக்கு ஒரேயொரு பாட்டு எடுத்துக் குடுத்துட்டுப் போயிரு. பொறவு நான் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்.

— வேற யாராச்சும் எடுக்கட்டுங்க. சபையில தொண்டை இருக்கறவ நான் ஒருத்தி மட்டுந்தானுங்களா?

— ஆராதனைக்குன்னு கர்த்தர் பிரிச்செடுத்தது உன்னையல்லவா. தறிச் சத்தத்துக்கு மேல நீ பாடுனத ரோட்டுல நின்னு கேட்டுட்டு, நாந்தானே உன்னைக் கூட்டியாந்து சனங்களுக்கு முன்னால நிறுத்துனேன்.

— ஆமாங்க, நீங்கதானுங்க நிறுத்துனீங்க. ராசாத்தாளா இருந்தவளுக்கு ஞானஸ்நானம் குடுத்து ரெபேக்காள்னு பேரு வெச்சதும் நீங்கதானுங்க. ‘வயித்துக்குத்தான் தறி, நீ பொறந்தது ஆராதனைக்கு’ன்னு சொன்னீங்க. அன்னிக்கு எனக்கு எத்தனை சந்தோசம் தெரியுங்களா? புருசன் உட்டுட்டுப் போனவளுக்கு ஆண்டவரே ஒரு வேலை குடுத்திருக்காருன்னு சூலூரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனுங்க.

— அதுல பொய் இல்லம்மா, பாத்துக்கோ.

— பொய்யின்னு நான் சொல்லலீங்க. நெசம்னு நம்பித்தானுங்க எம்புள்ளையப் பறிகுடுத்தேன்.

— கெசியாவப் பத்தியும் பேசணும்னுதான்…

— அவ பேரை நீங்க சொல்லாதீங்க. கன்வென்ஷன் கூட்டத்துல நான் பாட்டெடுத்துட்டு நிக்கறேன். ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல பாயில கெடந்து புள்ளை அனலாக் கொதிக்குது. ‘டாக்டருகிட்டத் தூக்கிட்டுப் போயிட்டு ஓடியாந்தர்றேனுங்க’ன்னு உங்க காதோரம் வந்து கேட்டேனா இல்லீங்களா?

— கேட்ட.

— அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— இப்ப எதுக்கும்மா அது?

— சொல்லுங்கய்யா. உங்க வாயாலயே சொல்லுங்க.

— ‘நம்ம சபையில மருந்து எடுக்குத வழக்கம் இல்ல. துதிக்குத வாயே ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னா, பின்னால இருக்குத சனம் எதை நம்பும்? நிறுத்தாமப் பாடு’ன்னு சொன்னேன்.

— பாடுனேனுங்க. ஒசத்திப் பாடுனா ஆண்டவருக்குக் கேக்கும்னு இன்னும் ஒசத்திப் பாடுனேனுங்க. புள்ளை என்னைய ‘அம்மா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே கெடந்துச்சாமா. எம்பாட்டுல எனக்கே அது கேக்கலீங்க. பக்கத்துல இருந்தவங்க பொறவு சொல்லித்தான் தெரியும்.

— ரெபேக்கா…

— அவளைத் தூக்கறப்பவாச்சும் ஒருத்தரு பாட்டெடுத்தாங்களா? பாட்டெடுத்தாத்தானே பெட்டியத் தூக்கறது வழக்கம்? அத்தனை பேரும் எம்மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க, எப்பவும் எடுக்கறவ எடுக்கட்டும்னு. நீங்களும் வேதத்தை நெஞ்சோட வெச்சுட்டு என்னையத்தான் பாத்தீங்க. நான் எப்படிங்க எடுப்பேன்? கடைசியில எம்புள்ளை பாட்டில்லாமத்தான் போனா.

— குடுத்தாலும் எடுத்தாலும் துதிக்குதவன்தான் ஊழியக்காரன்னு நான் அவ்வளவு பிரசங்கம் பண்ணிருக்கேன். அன்னைக்கு அதையே உன்கிட்ட எதிர்பாத்துட்டேன். தப்புதாம்மா.

— பிரசங்கம் பண்றது சுலபமுங்க. சரி உடுங்க. உங்க பையன் ஆசீருக்குக் காச்சல்னு மளிகைக்கடையில பேசிக்கிட்டாங்க. நெசமுங்களா?

— காய்ச்சல்தான் வந்துது.

— அதுக்குத்தானுங்களே என்னையக் கூப்பிட வந்தீங்க? பையன் தலைமாட்டுல நின்னு நான் பாடோணும். எம்புள்ளைக்குக் கேக்காத சாமிக்கு உங்க பையனுக்கு மட்டும் காது கேக்கும்னு நெனைக்கறீங்களா?

— இல்ல. அப்படி நினைக்கல.

— அப்படின்னா என்னைய எதுக்குங்க தேடி வாரீங்க? நேரா டாக்டரு ஊட்டுக்கில்ல போயிருக்கோணும். ஆசீரோட அம்மா என்ன சொல்றாங்க? பெத்தவங்களுக்குத் தெரியாம இருக்காதே.

— அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா. கால்ல விழுந்து கெஞ்சினா. நான்தான் விடல. ரெபேக்கா தன் பிள்ளையக் குடுத்துட்டு நிக்கா, நான் மட்டும் என் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா அந்தத் தாய் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு கேட்டேன்.

— என்னைய நெனைச்சுங்களா? ஐயோ, என்னைய நெனைச்சா? எம்புள்ளை போயிருச்சுன்னு ஊருல இருக்கற புள்ளையெல்லாம் போகோணும்னு நெனைக்கறவளாங்க நானு? இருங்க, முக்குல எஸ்.டி.டி. பூத்துக்கிட்ட ஆட்டோ நிக்கும், நான் கூப்பிடறேன். நீங்க போயி பையனைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வாங்க. இங்க ஆகலீன்னா கோயமுத்தூருக்கே போயிரலாமுங்க. வழியெல்லாம் வேண்ணா நான் பாடிட்டு வாரேன். ஏனுங்க, நான் சொல்றது கேக்குதுங்களா? ஏன் அப்படியே நிக்கறீங்க?

— ஆட்டோ வேண்டாம்மா.

— இன்னுமா உங்களுக்கு வீம்பு?

— வீம்பு இல்ல. விடியுததுக்கு முன்னாலயே போயிட்டான்.

— அய்யா…

— வந்ததும் சொல்லத்தான் நினைச்சேன். வாய் வரல. பெட்டியில வச்சாச்சு. ஆசீரோட அம்மா பெட்டிமேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ரெபேக்கா வந்து பாட்டெடுத்தாத்தான் தூக்க விடுவேன்னு சொல்லுதா. நீ வரமாட்டேன்னு சொன்னாலும் நியாயந்தான். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்லம்மா.

— செத்த இருங்க. மூஞ்சி கழுவிட்டு வாரேனுங்க.

— பாடுவியாம்மா?

— நான் அவுங்க பக்கத்துல போயி உக்காந்துக்கறேனுங்க. பாட்டை நீங்க எடுங்க.

— நானா? பெத்தவன் எப்படிம்மா எடுக்க முடியும்?

— எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு. மொதல் அடிய நீங்க எடுங்கய்யா. உங்களுக்குத் தொண்டை எங்க அடைக்குதோ, அங்கிருந்து நான் எடுத்துக்கறேன்.