வழவழப்பான மாடு

“மாட்டுத் தோல் இத்தனை வழவழன்னு இருக்காதுங்கண்ணா.”

கொல்லங்கோட்டிலிருந்து மீனாட்சிபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் அண்ணனின் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

“நல்லாப் பாரு அம்மிணி. கண்ணாடி மாதிரி வீடியோ. இதப் பாத்துத்தான் வெல பேசி முடிச்சேன். வண்டியில ஏத்தி ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“நேர்ல போய்த் தடவிப் பாக்கலீங்களா?”

“இத்தனை தெளிவா இருக்கறப்போ எதுக்கு?”

“இது தெளிவு இல்லீங்கண்ணா. வீடியோ எடுத்த போனே திருத்தியிருக்குது. முதுகுல ஒரு முடிகூடத் தெரியல, பாருங்க. மேடு, புள்ளி எல்லாத்தையும் அழிச்சுரும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“காலேஜ்ல என்னோட ஆராய்ச்சியே அதுதானுங்க. ஒரே வீடியோவ ரெண்டு விதமாக் காட்டி, எது நல்லாருக்குன்னு மார்க் போடச் சொல்லுவோம். எல்லாரும் வழவழன்னு இருக்கறதுக்குத்தான் போடறாங்க. அதுக்குத் தகுந்த மாதிரிதான் போனும் திருத்தப் பழகுது.”

அண்ணன் போனைப் பிடுங்கி வீட்டுக்கு அழைத்தார்.

“அம்மா, மாடு வந்துருச்சுங்களா? கட்டுத்தரையில மத்த மாடுகளோட கட்டாதீங்க. ஒட்டிக்கிற தோல் கட்டி நோய் இருக்குதான்னு முதல்ல முதுகைத் தடவிப் பாருங்க.”

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் பஸ் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது.

“அப்பவே கட்டியாச்சு சாமி. முதுகெல்லாம் கட்டி கட்டியாத்தான் இருக்குது. நம்ம செவலக் கன்னுக்குட்டி அதைத்தான் நக்கிக் குடுத்துட்டிருக்குது.”