அறுபத்து நாலு குதிரையும் கோயில் மேடும்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். சொந்தக் கார் இருக்க எனக்கேன் பஸ் என்று கேட்காதீர்கள். குதிரைத்திறனில் மயங்கி வாங்கிய கார் அது; பழுதாகி கராஜில் ஓய்வெடுக்கிறது.

“நுவரெலியா ஏரிக்கரையில நிக்கிற குதிரைல ஒண்ணாச்சும் நம்ம கோயில் மேட்டுல ஏறுமாங்க?” என்று அந்த அம்மா கேட்டபோது காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அது இஞ்சினோட பலம்டி. வேன விக்கிறவரு நாப்பத்தேழு கிலோவாட்டுன்னாரு. பழைய கணக்குல அறுபத்து நாலு குதிரை.”

“எந்தக் கணக்கா வேணா இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்தத்தானே வாங்கப் போறோம்? பாதி மேட்டுல நின்னுச்சுன்னா மறுநாள் ஒரு பிள்ளையும் ஏறாது. இருந்த வேலையையும் விட்டுட்டு வந்துட்டீங்க.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

“நம்ம தோட்டத்து லயத்து வீட்டுப் பொம்பளைங்க பத்துப் பேர ஏத்திப் பாப்போம். யாரும் இறங்கித் தள்ளாம கோயிலடிக்குப் போச்சுன்னா வாங்குவோம். இல்லாட்டி அந்தக் குதிரையெல்லாம் அவருகிட்டயே மேயட்டும்.”

எந்தக் கம்பெனியும் அச்சடிக்காத அளவு. மனதுக்குள் கைதட்டினேன். கார் வாங்கிய அன்று இந்த அம்மா என் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

“முன் சீட்டுல ஒங்க அக்காவ உக்கார வைங்க. அவங்க ஏறுனாத்தான் சரியான பாரம்.”

கணவர் குரலைத் தாழ்த்தினார்.

“வேன் தாங்கிரும்டி. எதுக்கு ஏத்துனோம்னு அக்காவுக்குத் தெரிஞ்சா நான்தான் தாங்க மாட்டேன்.”