ஒரு 'ங்க' குறைந்த பதில்

அன்னூர் பேருந்தில், மடியில் தூங்கும் மகள் விழித்துவிடுவாளோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் முறுக்குக் கடை நடத்தும் பெண் ஒருவர், பக்கத்திலிருந்த தையல் கடை அக்காவிடம் சொன்னார்:

"ஏனுங்கக்கா, என்ற ஃபோனு மரியாதை இல்லாமப் பேசிப்போடுச்சுங்க."

"ஃபோனா?"

"நீங்க சொன்னீங்கன்னு, கடை மூடுன பொறகு வாட்ஸ்அப்புல தானாப் பதில் போற மாதிரி வெச்சனுங்க. 'கடை இல்லை, காலைல வா'ன்னு."

"'வா'ன்னா போட்டே?"

"சுருக்கமா இருக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சுருக்கச் சொன்னா 'ங்க'வையுமா வெட்டுவே?"

"கல்யாணச் சீருக்கு முறுக்குக் கேட்டவங்களுக்கும் அதேதான் போயிருக்குது. வேற கடை பாத்துக்கறாங்களாமுங்க. காசு கட்டுனா நல்லாப் பேசற ஆப் இருக்குதாமுங்களே?"

"ஒரு 'ங்க'வுக்கு மாசாமாசம் காசா? ஃபோனைக் கொண்டா அம்மணி."

அக்கா 'வாங்க' என்று திருத்திவிட்டு, "அவங்களுக்கு நீயே கூப்புட்டுப் பேசு" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்க, முறுக்குக் கடைங்க. நேத்து அப்படிச் சொன்னது நானில்லீங்க, ஃபோனுங்க..."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

"சிரிக்கறாங்கக்கா. அதிரசமும் போடுவீங்களான்னு கேக்கறாங்க."