சுற்றமும் நட்பும் சூழ

சாயங்காலம் ஐந்தரை மணி. மார்கழிக் குளிர். பெய்ஜிங் நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு நீளப் பாதை. அதில் ஒரே ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தார். நம்ம ஸ்ரீநிவாசனுடைய அக்கா புருஷன், அத்திம்பேர் சந்தானம்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நல்ல குடும்பத்து விஷயம். இந்த அறையைத் தாண்டிப் போகக்கூடாது.

சந்தானம் அமெரிக்காவில் சுகர் லேண்ட் என்கிற ஊரில் இருப்பவர். எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். ஆபீஸ் வேலையாக பெய்ஜிங் போனபோது, பெண் மாளவிகாவின் கல்யாணப் பத்திரிகைகளையும் பையில் எடுத்துப் போயிருந்தார். ஈமெயிலில் அனுப்பினால் போதாதா என்று மாளவிகா கேட்டாள். பத்திரிகை என்றால் இரண்டு கையாலும் கொடுத்து, வாயால் அழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதிலும் ஒரு காரணம் உண்டு. கும்பகோணத்தில் அவருடைய தங்கை கல்யாணத்தில், வாசலுக்கு வந்த பெரியப்பாவை யாரும் "வாங்கோ" என்று சொல்லவில்லை. பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார். சாகிறவரைக்கும் அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வாசலில் சந்தானம்தான் நிற்பார். வேறு யாரையும் நம்ப மாட்டார்.

பெய்ஜிங் ஆபீஸில் எல்லோரையும் அழைத்தாயிற்று. ஒருவர் மட்டும் வெளியூர் போயிருந்தார். அந்த ஒரு பத்திரிகை பையிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் சும்மாயிருந்ததால் பழைய அரசர்களின் தோட்டத்தைப் பார்த்து வரலாம் என்று கிளம்பினார். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான மண்டபங்களும் ஏரிகளும் பாலங்களுமாக இருந்த இடம். நூற்று அறுபது வருஷங்களுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பட்டாளம் புகுந்து கொள்ளையடித்துவிட்டுக் கொளுத்தியது. நாள்கணக்கில் எரிந்ததாம். உள்ளே ஒளிந்துகொண்ட பணிப்பெண்களும் வேலைக்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் வெளியே வரவே இல்லை என்று சொல்வார்கள்.

இப்போது இருப்பதெல்லாம் கல்தான். உடைந்த பளிங்குத் தூண்கள். பாதி வளைவு. உறைந்துபோன குளத்தில், ஒடிந்த தாமரைத் தண்டுகள் பனிக்கட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பார்த்துக்கொண்டே நடந்தவருக்கு இருட்டியது தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். புரியவில்லை. கூட்டம் கரைந்துவிட்டது. குளிரில் போன் அணைந்துவிட்டது. திரும்பின பக்கமெல்லாம் அதே கல், அதே குளம். அடியில் எங்கேயோ பனிக்கட்டி விரிசல் விட்டது. க்ர்ர்... டொக்.

அப்போதுதான் கிழவரைப் பார்த்தார்.

ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சாம்பல் நிற நீள அங்கி. கைகள் இரண்டும் சட்டைக் கைக்குள்ளே. அத்தனை வயதான முகத்தில் மீசை தாடி முளைத்த சுவடே இல்லை. காவல்காரர் போலிருக்கிறது என்று நினைத்து, சந்தானம் கையை ஆட்டி வழி கேட்டார். கிழவர் முன்னால் நடந்தார். சந்தானம் பின்னாலேயே போனார். சந்தானத்தின் மூச்சு ஒவ்வொன்றும் வெள்ளைப் புகையாக வந்தது. கிழவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை... அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. ஓட்டலுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது.

வெளிக்கதவு தெரிந்தது. தெரு விளக்கு தெரிந்தது. சந்தானம் பர்ஸை எடுத்தார். கிழவர் ஓரடி பின்வாங்கினார். பணத்தை நீட்டி ஒரு பெரிய மனுஷரை அவமானப்படுத்திவிட்டோமே என்று சந்தானத்துக்குக் கூசிப்போயிற்று. உதவி செய்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனசு வரவில்லை. பையில் அந்த ஒரு பத்திரிகை இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. எடுத்தார். குனிந்து இரண்டு கையாலும் நீட்டினார். அழைக்கிற வார்த்தை இங்கிலீஷில் வரவில்லை. தமிழிலேயே சொன்னார்.

"எங்காத்துப் பொண்ணுக்குக் கல்யாணம். சுற்றமும் நட்பும் சூழ அவசியம் வந்திருந்து நடத்திக் குடுக்கணும்."

கிழவர் கைகள் வெளியே வந்தன. பத்திரிகையை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு இருட்டைப் பார்த்துத் திரும்பி, மெல்லிய கீச்சுக் குரலில், நீளமாக ஒரு கூவல்... உள்ளே குளத்துப் பக்கமிருந்து ஒரு குரல் பதிலுக்குக் கூவியது. அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னும் பல. சேதி கைமாறிக் கைமாறி உள்ளே போவது போல இருந்தது. மற்ற காவல்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு சந்தானம் டாக்ஸியில் ஏறினார்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் கோட்டிலிருந்து கரிந்த மர வாசனை வந்தது. மனைவி நாகலக்ஷ்மி டிரை க்ளீனிங் கொடுத்துப் பார்த்தாள், போகவில்லை. கராஜில் தொங்கவிட்டாள், கராஜ் முழுக்க நாறியது. எங்கே போனீர்கள் என்று துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது.

"யாருன்னே தெரியாதவருக்கா பத்திரிகை குடுத்தேள்?" என்றாள். ஸ்ரீநிவாசன் சிரித்தார். அந்தக் கிழவருக்கு விசா யார் வாங்கிக் கொடுக்கப் போகிறார்கள் என்றார். சந்தானம் சிரிக்கவில்லை.

தை மாதம் கல்யாணம். காலையில் முகூர்த்தம் குறைவில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை அனிருத், தங்கமான பையன். சாயங்காலம் அதே ஹாலில் ரிசப்ஷன். ப்ரீவே ஓரத்தில், பெரிய பார்க்கிங் லாட்டோடு இருக்கிற ஹால். வாசலில் ஆள் வந்தால் தானே திறக்கிற கண்ணாடிக் கதவு. சந்தனமும் கல்கண்டுமாக சந்தானம் நின்றார். பன்னீர்ச் செம்போடு பக்கத்தில் ஸ்ரீநிவாசன்.

எட்டு மணி இருக்கும். வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்தாயிற்று. கதவு திறந்தது. ஸ்ஸ்ஸ்... யாரும் இல்லை. மூடியது. திறந்தது. மூடியது. திறந்தது.

சென்சார் கெட்டுவிட்டது, பூட்டிவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுகிறேன் என்று ஹால் மானேஜர் சாவியோடு வந்தார். அந்த நேரத்தில்தான் வாசனை வந்தது. கரிந்த மரம். அதோடு குளத்துச் சேறு. உள்ளேயிருந்து நாகலக்ஷ்மி ஓடி வந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, பூட்டட்டும். நீங்க பேசாம உள்ள வந்துடுங்கோ."

"வாசல் வரைக்கும் வந்தவாளை நிக்க வெச்சுக் கதவைப் பூட்டறதா?"

"குழந்தை மேடைல நிக்கறா. எனக்கு என் குழந்தை வேணும்."

சந்தானம் மேடையைத் திரும்பிப் பார்த்தார். மாளவிகா யாரோடோ செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நிற்பவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. சொன்னால்தான் வருவார்கள். சொல்லாவிட்டால் போய்விடுவார்களா... யாருக்குத் தெரியும். அழைத்தது நாம். அழைத்துவிட்டு முகத்தில் அடிக்கிற தப்பு அந்தக் குடும்பத்தில் இரண்டாவது தரம் நடக்கக்கூடாது. அவர் மனைவி கையை விலக்கினார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். கைகூப்பினார்.

"வாங்கோ. வாங்கோ. எல்லாரும் வாங்கோ."

கதவு திறந்தது. அப்புறம் மூடவே இல்லை. வெகு நேரம் அப்படியே திறந்து நின்றது. அத்தனை நேரமும் சந்தானம் கூப்பின கையை இறக்கவில்லை. பழக்க தோஷத்தில் ஸ்ரீநிவாசன் பன்னீர் தெளித்தார். தெளித்த பன்னீர் தரையில் விழவில்லை. தரை காய்ந்தே இருந்தது. சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார். சந்தனத்தில் விரல் தொட்ட குழிகள். ஒன்றிரண்டல்ல. எல்லாம் மெல்லிய விரல்கள்.

ஹாலில் குளிர் ஏறியது. பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். மேடைக்கு ஏற வரிசையில் யாருமே இல்லை. ஆனால் மாளவிகா குனிந்து குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவருக்கும் நின்று, நிதானமாக. யாருக்குச் சொல்கிறாய் என்று அனிருத் காதோடு கேட்டானாம். "அப்பாவோட கெஸ்ட்ஸ்" என்றாளாம்.

சாப்பாடு முடிந்தது. தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு ஜனங்கள் கிளம்பினார்கள். ஆனால் குளிர் குறையவில்லை. வந்தவர்கள் விடைபெறவில்லை. போங்கள் என்று சொல்ல வீட்டுக்காரனுக்கு வாய் வருமா?

மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினார்கள். கேட்டி என்கிற ஊரில் வீடு, காரில் முக்கால் மணி நேரம். பெண்ணோடு துணைக்கு யாராவது போக வேண்டும் என்று நாகலக்ஷ்மிக்கு ஆசை. இந்த ஊரில் அதெல்லாம் எதற்கு, நாங்களே போய்க்கொள்கிறோம் என்றான் அனிருத். அவர்கள் தனியாகவே போகட்டும் என்றார் சந்தானமும். மனசுக்குள் அவர் போட்ட கணக்கு வேறு. குழந்தை இந்த இடத்தை விட்டுப் போய்விடட்டும். வந்தவர்கள் என் விருந்தாளிகள். விடியும்வரை நின்றாவது நானே மரியாதையாக வழியனுப்பிவிடுகிறேன்.

கார் போயிற்று. எல்லோரையும் அனுப்பிவிட்டு, தாம்பூலப் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு காலி ஹாலின் நடுவில் நின்றார். பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். நின்றுகொண்டே இருந்தார். நெற்றியில் லேசாக வியர்த்தது. துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் யோசித்தார். ஏன் வியர்க்கிறது? ஹால் கதகதவென்று இருந்தது. கரிந்த வாசனை இல்லை. வெறும் மல்லிகையும் சாம்பாரும்தான்.

போன் அடித்தது. மாளவிகா.

"அப்பா, பின்னாடி சீட்பெல்ட் அலாரம் நிக்கவே மாட்டேங்கறது. அனிருத் காரை நிறுத்தி இறங்கிச் செக் பண்ணிண்டிருக்கான். சீட்ல ஒண்ணுமே இல்லைங்கறான்."

போனில் அது கேட்டது. டிங்... டிங்... டிங்...

"நீ எங்கேம்மா உக்காந்திருக்கே?"

"முன்னாடிதான்."

"கூட யாரும்மா இருக்கா?"

தூங்குகிற குழந்தைகளை எழுப்பிவிடக்கூடாது என்பது போல, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இடம் பத்தலைப்பா. பரவாயில்லை. சின்னவா எல்லாரும் என் மடில உக்காந்துண்டுட்டா."