சித்திரையில் பார்த்த தரிசு

மாலையின் பாரத்தில் கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலைமையேற்று வீற்றிருக்கும் அண்ணாச்சி சீனிவாசகம் அவர்களே! தாயில்பட்டியின் தகைசால் பெரியோர்களே! பட்டாசு மருந்து படிந்த கையோடு கம்பெனி வேனிலிருந்து நேரே இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! விதைக்கடை முகைதீன் வணங்குகிறேன்.

வைப்பாற்றுச் சமவெளியின் வளத்தைப் பேசச் சொன்னார்கள். மேற்கே மலை இருக்கிறது. நடுவே ஆறு இருக்கிறது. ஆற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கிறது! இருபுறமும் கரிசல், கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். ஒரு மேடு உண்டா? ஒரு பள்ளம் உண்டா? உண்டு தம்பி, நம் சாலையில் உண்டு.

மற்ற ஊர்களில் மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும். இங்கே கம்பெனியே லீவு விடும். ஈரத்தில் மருந்து நமத்துவிடுமே! மழை விட்டதும், ஈரம் காயுமுன் நம் தாய்மார்கள் மக்காச்சோளம் விதைப்பார்கள். ஓய்வு நாளில் உழவு! இதைவிட உல்லாசம் உண்டா?

இந்த உல்லாசத்தை அளக்க ஓர் அதிகாரி வந்தார். எப்போது வந்தார்? ஐப்பசியிலா? கார்த்திகையிலா? கதிர் பிடிக்கும் மார்கழியிலா? சித்திரையில் வந்தார்! அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த அய்யம்மாள் அக்காவின் மூன்று ஏக்கரை, ஜீப்பை விட்டு இறங்காமலே ஆராய்ந்து, ‘தரிசு’ என்று எழுதினார். என்னே பார்வை! அதே சித்திரையில் குற்றாலம் போயிருந்தால், அருவியே கிடையாது என்று எழுதியிருப்பார். தரிசென்று முடிவானால் நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விடும். நாளைக் காலை தாலுகா ஆபீசில் விசாரணை.

நேற்று அக்கா என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கேட்டது ஒன்றுதான்.

“ஏன் பாய், புரட்டாசியில நீங்கதான வெத குடுத்தீக? பெறகு, வெளையாத காடுன்னு நீங்களே எப்படிக் கையெழுத்துப் போட்டீக?”

சலசலக்கிறீர்களே, உண்மைதான். அதிகாரியின் தாளில் ஐந்து சாட்சிக் கையெழுத்து, மூன்றாவது என்னுடையது. ரோடு போட என்றார்கள். கடையில் கூட்டம், படிக்காமல் போட்டேன். அவராவது ஜீப்பிலிருந்து பார்த்தார். நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

மற்ற நால்வரும் முன்வரிசையில்தான் வீற்றிருக்கிறீர்கள். துண்டால் முகத்தை மறைக்க வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். நாளை கடையைப் பூட்டிவிட்டுப் போகிறேன். நான் போட்டது பொய்ச் சாட்சி என்று என் வாயாலேயே சொல்வேன். நான் பேசி வைத்திருக்கும் வேனில் நான்கு இடம் காலியாக இருக்கிறது. ஒன்பது மணிக்குப் புறப்படும்.

கடைசி வரிசையில் நிற்கும் அய்யம்மாள் அக்காவுக்கு என் முதல் வணக்கம். பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி.