கதவின் இரும்பு நாக்கு

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் தொழிற்சாலையில் கொடுப்பது பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும்.

நீங்கள் பிளோவ்திவ் நகரத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதனால் இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடைமிளகாய் விழுது ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரம் அது. ஜாடி சாய்ந்தாலோ லேபிள் கிழிந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். கண்ணாடிக் கதவைத் திறந்து, சிக்கியதை எடுத்துவிட்டு, கதவை மூட வேண்டும். பிறகு பழுதை நீக்கும் பொத்தான், அதற்குப் பிறகு பச்சைப் பொத்தான். கதவில் ஓர் இரும்பு நாக்கு உண்டு. சட்டத்திலுள்ள துளைக்குள் அது போய் உட்கார்ந்தால்தான் கதவு மூடியிருப்பதாக இயந்திரம் நம்பும். பாவம், அதற்கு வேறு எதுவும் தெரியாது.

என் தம்பி தோப்ரினும் என்னோடு அதே இயந்திரத்தில்தான் வேலை பார்த்தான். அவசரக்காரன். எங்கிருந்தோ இன்னொரு இரும்பு நாக்கைத் தேடிப் பிடித்து வைத்திருந்தான். கதவைத் திறந்துபோட்டு, அதைத் துளையில் செருகிவிட்டு, ஓடுகிற இயந்திரத்துக்குள்ளேயே கையை விட்டு வேலையை முடிப்பான். நான் திட்டுவேன்.

"நீ கதவத் தெறந்து மூடுறதுக்குள்ள அடுத்த வருஷத்து மொளகாயே பழுத்துடும், அக்கா" என்பான்.

நல்ல பையன். அம்மா இறந்த பிறகு நான்தான் வளர்த்தேன். அவனுக்காக நான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை, அதை நான் சொல்லிக்காட்டியதில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. எல்லாரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். தோப்ரின் சாயங்காலங்களில் வெல்டிங் கற்றுக்கொண்டபோது, எங்கள் வீட்டு இரும்புக் கதவைச் சரிசெய்யத்தான் என்று நினைத்தேன்.

ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் கடைசி நாள் வேலைக்கு வந்தவன் அந்த நாக்கை என் கையில் வைத்தான்.

"இந்தா, நீயே வச்சுக்க. அங்க இந்த மாதிரி வேல பண்ணினா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். இன்னியோட விட்டேன்."

"சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவ?"

"ஜெர்மனியில யாரும் பட்டினி கெடக்கல. நீ அழாம இரு, அது போதும்."

நான் அழவில்லை. மதியம் ஒரு ஜாடி, ஜாடிகளைத் தள்ளிக்கொடுக்கும் பல்சக்கரத்தில் சிக்கியது. இயந்திரம் நின்றது. தோப்ரின் அன்று ஒழுங்காகக் கதவைத் திறந்து, நின்ற இயந்திரத்துக்குள் கையை விட்டான். நான் அந்த நாக்கைத் துளையில் செருகினேன். பழுதை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். பச்சையை அழுத்தினேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று ஒன்றைச் சொல்லலாம், மூன்றையும் சொல்ல முடியாது. சக்கரம் சுற்றும் முன் மணி அடிக்கும். அடித்தது. அவன் கையை எடுக்கவில்லை. பொத்தானருகில் நின்றது நான்தானே.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. விரல்களோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவன் உயிருக்கு ஆபத்து வருகிற காரியத்தை நான் செய்வேனா?

நாக்கைத் தானே செருகியதாக அவன் உங்களிடம் சொன்னான். நீங்களும் நம்பினீர்கள். நான் அவனுக்கு ரொட்டி அறுத்துக் கொடுத்தேன், சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். அவன் என்னோடு பேசவில்லை. வலியோடு இருக்கிறவன் என்ன பேசுவான்? இந்தக் குளிர்காலம்தான் என் வாழ்க்கையிலேயே நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் வாய் திறந்தான்.

"ஹாம்பர்க்ல ஒரு கெடங்குக்குக் காவலுக்கு ஆள் வேணுமாம். திங்கக்கெழம பஸ்ஸு."

"ஏன்டா, இங்க உனக்கு என்ன கொற?"

"இன்னொரு கை மிச்சம் இருக்குல்ல, அக்கா. அதான்."

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். நான் சொன்னதை ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருடம் உள்ளே வைத்தாலும் சரி. ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். வழக்கு முடியும் வரை சாட்சி நாட்டைவிட்டுப் போகக்கூடாது, இல்லையா?